கதையை நாலு மணிக்குள் முடிக்கச் சொன்ன கொடை விழாக் குழுவுக்கு

கொடை விழாக் குழுத் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும், குழுவில் ஓடியாடி வேலை செய்யும் தம்பிமாருக்கும்,

கோவில் முக்கில் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸை நேற்று நின்று வாசித்தேன். திங்கள் இரவு லேசர் விளக்குகளுடன் டிஜே. செவ்வாய் இரவு தொலைக்காட்சிப் புகழ் பாடகர்களின் மாபெரும் இன்னிசைக் கச்சேரி. அவர்கள் ஆறு பேரின் முகமும் ஆளுயரத்துக்குச் சிரிக்கிறது. கீழே வலது மூலையில், வாணவேடிக்கைக்கும் அன்னதானத்துக்கும் நடுவில் நெருக்கி ஒரு வரி: ‘செவ்வாய் மதியம் 2 முதல் 4 வரை வில்லிசை.’ யாருடைய வில், என்ன கதை, ஒன்றும் இல்லை.

அந்த ஒரு வரிக்குள் இருக்கிற ஏழு பேரில் நானும் ஒருவன். குடம் அடிக்கிறவன். நம் கோவில் பந்தலில் 1994-இல் தாளம் தட்ட உட்கார்ந்தேன். பிறகு கட்டை. 2003 முதல் குடம். அது ஒரு கணக்கு. இன்னொரு கணக்கில், உங்கள் வரி நோட்டில் பெயர் இருக்கிற ஒரு தலைக்கட்டு, அதாவது கோவிலுக்கு வரி கட்டுகிற குடும்பம். இந்த வருஷ வரி 3,000 ரூபாயை முதல் வாரத்திலேயே கட்டி ரசீது வாங்கியிருக்கிறேன். ஊர்க்கூட்டத்தில் பேசத்தான் எழுந்தேன். மூன்றாவது வாக்கியம் வருவதற்குள் “சரி, அடுத்த விஷயம்” என்று ஜெனரேட்டர் வாடகைக்குப் போய்விட்டீர்கள். அதனால் ஊரே வாசிக்கும்படி எழுதுகிறேன்.

செயலாளர் தம்பி போனில் சொன்னது இது: “மாமா, இந்தக் காலத்துப் பிள்ளைய விடிய விடிய இருந்து கேக்கவா செய்யும்? அதான் ரெண்டு மணி நேரம் போட்டிருக்கோம்லா. முழுசா எடுக்கல்லல்லா?” எனக்கு ஏதோ நல்லது செய்த குரலில்தான் சொன்னார். அவர் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து தெரியும், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தைக் கொண்டுபோய் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று யாராவது ஒருதரம் யோசித்தீர்களா?

செவ்வாய் மதியக் கொடைத் தீபாராதனை 12 மணிக்கு. ஒரு மணிக்குப் பந்தி. இரண்டு மணிக்கு நடை சாத்தியிருக்கும். பூசாரி வீட்டுக்குப் போயிருப்பார். சாமியாடுகிற கோமரத்தாடி ராத்திரிக்காக எங்காவது நிழலில் சாய்ந்திருப்பார். பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டு இருப்பார்கள். சித்திரை வெயிலில் தகரப் பந்தலுக்குக் கீழே, அடைத்த நடைக்கு முன்னால், நாங்கள் யாருக்குப் பாட வேண்டும்? சாமிக்கும் ஊருக்கும் கேட்காத நேரமாகப் பார்த்துத் தேடி எடுத்ததுபோல இருக்கிறது. வேண்டுமென்று செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. மிச்சம் கிடந்த நேரம் அது ஒன்றுதான், அதில் எங்களை வைத்தீர்கள்.

இவன் தன் பிழைப்புக்காக எழுதுகிறான் என்று சிலர் சொல்லுவார்கள். ஆமாம், அதுவும் உண்டு. விடியற்காலையில் தோவாளைச் சந்தைக்குப் பூ ஏற்றும் டெம்போ ஓட்டுகிறேன், அதில்தான் வீடு நடக்கிறது. கொடை மாதங்களில் வில்லில் வருவது பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு. போன வருஷம் இரண்டு இரவும் ஒரு மதியமும் சேர்த்து வில்லுக்கு நீங்கள் கொடுத்தது 32,000. வேன் வாடகை 4,500 போக, தலைமைப் பாட்டுக்காரரான அண்ணாவிக்குக் கூடுதல் பங்கு போக, என் கைக்கு மூவாயிரத்துச் சொச்சம் வந்தது. அதே வருஷம் மேடை நிகழ்ச்சிகளுக்கு 2,60,000 என்று உங்கள் வரவு செலவுத் தாளில் வாசித்தீர்கள். அந்தத் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளும் இரவெல்லாம் கண் விழித்துத்தான் சம்பாதிக்கிறார்கள். என் மூத்தவனே ஒரு இன்னிசைக் குழுவில் பேட் வாசிக்கிறான். ஆகவே கச்சேரியை எடுத்துவிடுங்கள் என்று இந்த மடலில் எங்கும் வராது.

என் முறையீடு வேறு. ஃபிளெக்ஸில் இடப்பக்கம் ‘பூஜை விவரம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. குடியழைப்பு, மதியக் கொடை, சாமக் கொடை, மஞ்சள் நீராட்டு எல்லாம் அதற்குள் வருகின்றன. வலப்பக்கக் கட்டம் ‘கலை நிகழ்ச்சிகள்’. வில்லை வலப்பக்கம் தூக்கிப் போட்டதில்தான் எல்லாக் கோளாறும் தொடங்கியது. அங்கே போட்ட பிறகு டிஜேவோடும் கச்சேரியோடும் போட்டிபோட்டு அது தோற்கத்தான் செய்யும். கூட்டத்தை எண்ணினால் எங்கள் பக்கம் இருநூறு பேர், கச்சேரிப் பக்கம் இரண்டாயிரம். ஆனால் சாமக் கொடைப் பூசைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி, ஆள் குறைவு, மதியம் ரெண்டு மணிக்கு மாற்றுவோம் என்று யாரும் சொல்வதில்லையே.

கொடையில் கதை என்ன வேலை செய்கிறது என்பது குழுவில் இருக்கும் வயசானவர்களுக்குத் தெரியும். தம்பிமாருக்காகச் சொல்கிறேன்.

பந்தலில் வில்லைச் சாமிக்கு நேர் எதிரே வைக்கிறோம். நடுவில் குடம். குடத்தின் கழுத்தோடு வில்லைச் சேர்த்துக் கட்டுவோம். அண்ணாவி வலப்பக்கம் இருந்து, வில்லின் நாணில் வீசுகோல் போட்டுப் பாடுவார். இடப்பக்கத்துக்காரர் வாங்கிப் பாடுவார், ஆமாம் போடுவார், குறுக்குக் கேள்வி கேட்பார். காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டுவளம் எல்லாம் முடிந்து கதைக்குள் நுழையவே முக்கால் மணி நேரம் ஆகும். முதல் இரவு அம்மன் கதை. செவ்வாய் இரவு சுடலைமாடன் கதை. கைலாயத்தில் விளக்குச் சுடரிலிருந்து பிள்ளை பிறக்கிற கட்டம் வரும்போது பீடத்துப் பக்கம் பார்த்திருக்கிறீர்களா? கோமரத்தாடி எழுந்து நின்றிருப்பார். எங்கள் அண்ணாவி பாடிக்கொண்டே அவர் காலைத்தான் பார்ப்பார். பெருவிரல் மண்ணைக் கீறத் தொடங்கினால் எனக்குக் கண்காட்டுவார். குடத்தின் வாயில் கமுகம்பாளைத் தட்டு விழுகிற வேகத்தை நான் மாற்றுவேன். உடுக்கை மேலே ஏறும். பாட்டு முன்னே போகாமல் அந்த ஒரே அடியில் நின்று சுற்றும். அருள் இறங்கி, ஆடி, குறி சொல்லி, திருநீறு கொடுத்து, ஆட்டம் அடங்கும் வரை கதை அந்த இடத்தைவிட்டு நகராது. கால் மணி நேரமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். எந்த அண்ணாவியாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாததை ‘2 முதல் 4 வரை’ என்று எழுதியவர் எப்படிக் கணக்குப் போட்டார்?

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்கர் நம் பகுதிக் கொடைகளில் உட்கார்ந்து கேட்டு, பதிவு செய்து, கதையும் சாமியாட்டமும் எப்படிக் கைகோத்து நகர்கின்றன என்று 1988-இல் ஒரு நூலே வெளியிட்டார். கடல் கடந்து வந்தவர் அத்தனை இரவு கண் விழித்தார். நாம் கோவில் மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு நேரமில்லை என்கிறோம்.

போன வருஷம் நடந்ததை இதுவரை நான் வெளியே பேசவில்லை. இப்போது பேச வேண்டியிருக்கிறது.

திங்கள் இரவு கதை நடந்துகொண்டிருந்தது. அம்மன் பிறவி எடுக்கிற பாட்டு. அடுத்த மேடையில் மறுநாள் கச்சேரிக்கு வந்த சவுண்டுக்காரர்கள் பெட்டிகளை அடுக்கி முடித்திருந்தார்கள். திடீரென்று “செக் செக், ஒன் டூ, ஒன் டூ” என்று ஒரு குரல், அதைத் தொடர்ந்து டிரம் அடி. தரை அதிர்ந்தது. என் குடம் எனக்கே கேட்கவில்லை. இடப்பக்கத்துக்காரர் எந்த அடியில் இருக்கிறார் என்று தெரியாமல் வாயசைவைப் பார்த்து அடித்தேன். கோமரத்தாடி பீடத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். அருள் வரவில்லை. அரை மணி நேரம் நின்றார். அறுபது வயசு தாண்டிய மனுஷன், இருபத்தோரு நாள் விரதம், ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் முகத்தில் இருந்தது பக்தி இல்லை, வெட்கம். கடைசியில் பூசாரி திருநீற்றைப் பூசிவிட்டு அவரைத் திண்ணையில் உட்காரவைத்தார். தம்பிமாரில் ஒருவர் ஓடிப்போய்ச் சவுண்டை நிறுத்தச் சொன்னார், அதை மறக்கவில்லை. ஆனால் நிறுத்தியபோது கட்டம் கடந்துவிட்டது. பிறந்த சாமியைத் திரும்பப் பிறக்கவைத்துப் பாட முடியாது.

மறுநாள் செவ்வாய். வில் 8 மணிக்கு என்று இருந்தது. கச்சேரி 6 மணிக்குத் தொடங்க வேண்டியது ஏழே முக்காலுக்குத் தொடங்கி, பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது முடிந்தது. நாங்கள் பந்தலில் வில்லைக் கட்டிவைத்துக் காத்துக் கிடந்தோம். காப்புப் பாடி முடிக்கும் முன் போலீஸ் ஜீப் வந்தது. பத்து மணியாகிவிட்டது, மைக்கை அணை என்றார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. ஆனால் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல் என்று சொல்லுவதும் அதே விதிகள்தான். அந்த மாலை முழுக்க எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் விதியின் பெயரால் அணைந்தது எங்கள் ஒரு மைக் மட்டும்.

வெறும் தொண்டையில் பாடினோம். ஒன்றே கால் மணி வரை. கச்சேரிக் கூட்டம் கலைந்து போய்விட்டது. ஆனால் மிச்சம் இருந்தவர்கள் பாயை இழுத்துக்கொண்டு பந்தலுக்குள் நெருங்கி வந்தார்கள். கிழவிகள் மட்டும் இல்லை. கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் குடத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒரு பெண்பிள்ளை முடிந்த பிறகு கேட்டாள், “சித்தப்பா, இது மண்ணுதானா? உள்ள என்ன வச்சிருக்கிய?” உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்டினேன். சுங்கான்கடை மண்ணில் கனம் கூட்டிச் செய்த வெறும் குடம். மைக் இருந்தவரை அந்தப் பிள்ளைக்கு அது ஒரு இரைச்சலாகவே கேட்டிருக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள் என்று என்னிடம் சொல்கிறபோது எனக்கு அவள்தான் ஞாபகத்துக்கு வருகிறாள். அவர்களுக்குக் கேட்கும்படி நாம் எப்போது வைத்தோம்?

தோல்பாவைக் கூத்து நம் ஊருக்கு வந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அறுப்பு முடிந்ததும் ஒரு குடும்பம் வரும். தங்களுக்குள் மராத்தி பேசிக்கொள்வார்கள், திரைக்குப் பின்னால் போனால் தமிழில் கும்பகர்ணனும் சூர்ப்பனகையும் பேசுவார்கள். பத்து இரவு நடக்கும். நாங்கள் பிள்ளைகள் திரைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்து அடி வாங்குவோம். ஒரு வருஷம் பத்து நாள் ஐந்தாகியது. பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு நாள். எந்த வருஷம் வராமல் போனார்கள் என்று இன்று ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியாது. யாரும் அவர்களை வர வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. எங்களுக்கு இப்போது நீங்கள் போட்டிருக்கும் இரண்டு மணி நேரத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த ஐந்து நாள்தான் நினைவுக்கு வந்தது.

ஃபிளெக்ஸின் தலைப்பில் ‘கலைவாணர் பிறந்த மண்ணில்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். 1908-இல் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் போகும் முன் வில்லுப்பாட்டில் இருந்தவர். பெரிய ஆளான பிறகும் வில்லை விடவில்லை. அவர் பெயரை மேலே போட்டு, அவர் தொடங்கிய தொழிலை அதே ஃபிளெக்ஸின் கீழ் மூலையில் பேர்கூடப் போடாமல் ஒட்டியிருப்பதை அவர் பார்த்திருந்தால் நல்ல நகைச்சுவை ஒன்று பண்ணியிருப்பார்.

வில் பழசையே பாடுகிறது என்ற பேச்சும் உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பாடியிருக்கிறது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துக்குப் பாடியிருக்கிறது. நம் மாவட்டத்தில் கிறிஸ்தவக் கதைகளுக்கும் வில் கட்டுகிறார்கள். அதெல்லாம் இரண்டு மணி நேரத்தில் முடிக்கலாம், நாங்களே முடித்திருக்கிறோம். விழிப்புணர்வுக்கு நேரம் வைக்கலாம். சாமிக்கு அப்படி வைக்க முடியாது.

இன்னொன்று. இது சின்ன விஷயமாகத் தோன்றும். எப்போதும் குழுவிலிருந்து இரண்டு பேர் அண்ணாவி வீட்டுக்கு வந்து, வெற்றிலை பாக்கில் அச்சாரம் வைத்து, எந்தக் கதை, எந்த நாள் என்று பேசிவிட்டுப் போவார்கள். இந்த வருஷம் அண்ணாவி போனுக்கு ஜிபேயில் ஆயிரம் ரூபாய் வந்தது. கூடவே ‘வில் அட்வான்ஸ். மொத்தம் 12,000. ஓகேவா?’ என்று ஒரு வரி. எழுபத்திரண்டு வயசு மனுஷர், பேரனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறார். எனக்கு அவர் போன் பண்ணி, “என்ன மக்கா, வெத்திலைகூட வைக்கல்லியே” என்றதோடு நிறுத்திக்கொண்டார். தொகை குறைந்ததை அவர் பேசவே இல்லை.

இனி, நான் கேட்பது.

வில்லை ‘பூஜை விவரம்’ கட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஃபிளெக்ஸ் அடித்தாகிவிட்டது என்றால் அதன்மேல் ஒட்ட ஒரு தாள் போதும், செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். அதில் அண்ணாவி பெயரும், திங்கள் இரவு அம்மன் கதை, செவ்வாய் இரவு சுடலை கதை என்பதும் இருக்க வேண்டும்.

திங்கள் குடியழைப்பு இரவில் டிஜே வேண்டாம். புதன்கிழமை மஞ்சள் நீராட்டு முடிந்த பிறகு மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நானே வந்து ஆடினாலும் ஆடுவேன். செவ்வாய்க் கச்சேரியை 6 மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத் தாளில் எழுதி, பாக்கிப் பணத்தை அதோடு சேர்த்துக் கட்டுங்கள். பிந்தித் தொடங்கினால் அவர்கள் நேரம் குறையட்டும், சாமியின் நேரம் குறையக்கூடாது.

ஒன்பது மணிக்கு வில். பண்பாட்டு, சமய விழாக்களுக்கு வருஷத்தில் 15 நாளுக்கு மேற்படாமல் இரவு 10 முதல் 12 வரை தளர்வு கொடுக்க மாநில அரசுக்கு அந்த விதிகளிலேயே இடம் இருக்கிறது. நம் கொடைக்கு அது பொருந்துமா என்று காவல் நிலையத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் இப்போதே எழுதிக் கேளுங்கள். கடைசி நாளில் ஓடுவதால்தான் ஜீப் வருகிறது. கிடைக்காவிட்டால், பத்து மணிக்குப் பிறகு ஒலிபெருக்கி இல்லாமல் பந்தலுக்குள் பாடுகிறோம் என்று சொல்லி அதற்கு அனுமதி வாங்குங்கள். மைக் இல்லாதது எங்களுக்கு ஒரு குறையே இல்லை.

கதை நடக்கும்போது எந்த மேடையிலும் சவுண்ட் செக் கூடாது. இதற்குப் பொறுப்பாகக் குழுவில் ஒருவரை நிறுத்தி, அவர் பெயரை எங்களிடம் சொல்லுங்கள்.

வெற்றிலை பாக்கோடு இரண்டு பேர் அண்ணாவி வீட்டுக்குப் போக வேண்டும். தொகை போன வருஷத் தொகைக்குக் குறையக்கூடாது. கொடை முடிந்து வில்லை அவிழ்க்கும் முன் பாக்கியைச் சன்னிதியில் வைத்துக் கொடுக்க வேண்டும். மறுவாரம் வா, வரி பிரிந்த பிறகு வா என்பது இனி வேண்டாம்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் கேட்காமல், கொடுக்கிறேன். கொடைக்கு முந்தின நாலு ஞாயிற்றுக்கிழமை மாலையும் கோவில் திண்ணையில் குடம், கட்டை, தாளம், உடுக்கை எல்லாம் கொண்டு வைக்கிறோம். யார் வேண்டுமானாலும் வந்து தொட்டு அடித்துப் பார்க்கலாம், காசு வேண்டாம். போன வருஷம் கேட்ட அந்தப் பெண்பிள்ளைக்கும் சொல்லி அனுப்புங்கள். திண்ணைச் சாவி மட்டும் கிடைத்தால் போதும்.

அண்ணாவியிடம் கேட்டேன். ஜிபேயில் வந்த ஆயிரத்தை எடுக்காமல் வைத்திருக்கிறார். பந்தல் கால்நாட்டுக்கு முந்தின ஊர்க்கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்து, நான் பேசி முடிக்கும்வரை கேட்டு, ஆம் இல்லை என்று பதில் சொல்லுங்கள். இல்லை என்றால் ஆயிரம் அன்றைக்கே உங்கள் எண்ணுக்குத் திரும்பி வரும். செவ்வாய் மதியம் 2 மணிக்கு நடை சாத்திய கோவிலுக்கு முன்னால் நாங்கள் வில் கட்ட மாட்டோம். என் தலைக்கட்டு வரியை மட்டும் திருப்பிக் கேட்க மாட்டேன், அது அம்மனுக்குக் கொடுத்தது.

இப்படிக்கு,
வரி நோட்டில் உள்ள ஒரு தலைக்கட்டு,
உங்கள் கோவிலில் 2003 முதல் குடம் அடிக்கிறவன்